செராம்பூர் கல்லறையில் வில்லியம் கேரி

5 வயது சிறுவன் ஒருவன் இறந்து விட்டான். அவனைப் புதைக்க ஆள் கிடைக்கவில்லை.

இது நடந்தது 1794-ம் ஆண்டு அக்டோபர் மாதம். இடம், வங்காளத்தின் வடக்கே மால்டாவுக்கு அப்பால் உள்ள முத்னாபட்டி என்ற கிராமம். சிறுவன் பெயர் பீட்டர். அவனுடைய தகப்பனார் வில்லியம் கேரி, அந்த ஊர் அவுரி ஆலையின் மேலாளர். இங்கிலாந்தில் இருந்து வந்து ஓர் ஆண்டுதான் ஆகி இருந்தது. சிறுவனைக் கொண்டுபோனது வயிற்றுக்கடுப்பு. தகப்பனாரும் காய்ச்சலில் கிடந்து, அப்போதுதான் தேறிக் கொண்டிருந்தார். தாயாருக்கும் உடம்பு சரி இல்லை.

ஆலையில் தச்சர்கள் இருந்தார்கள். தினமும் கேரியிடம் கூலி வாங்கியவர்கள்தான். ஆனால் சவப்பெட்டி செய்ய மறுத்து விட்டார்கள். பிணத்தைத் தொட்டாலும், அதற்கு உரிய வேலையைச் செய்தாலும் சாதி போய்விடும் என்ற பயம். குழி வெட்டவும் யாரும் வரவில்லை. கடைசியில் முஸ்லிம்கள் 4 பேர் முன்வந்தார்கள். ஒருவர் தனியாகச் செய்தால் பழி அவர் தலையில் விழும் என்பதால், நால்வரும் சேர்ந்து வெட்டினார்கள்.

குழி தயார். தூக்கிச் செல்ல ஆள் வேண்டுமே? பல மைல் தூரம் ஆள் அனுப்பிப் பார்த்தும் பலன் இல்லை. நாமே மகனைச் சுமந்து போவோம் என்று கேரியும் அவர் மனைவியும் முடிவு செய்து விட்டார்கள். அந்த நேரத்தில் வீட்டுத் துப்புரவுத் தொழிலாளியும், சாதியை விட்டுத் தள்ளப்பட்ட ஓர் இளைஞனும் வந்து தோள் கொடுத்தார்கள்.

பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியது இல்லை. வெளி மாநிலத்தில் நம் வரிசை வீடுகளில் ஒரு சாவு விழுந்தால், அழுகை ஓய்வதற்கு முன்பே எழும் கேள்வி, எடுப்பதற்கு ஆள் யார் யார் இருக்கிறார்கள் என்பதுதான்.

விஷயம் அதோடு முடியவில்லை. குழி வெட்டிய நால்வரையும் ஊர்த் தலைவர் ஒதுக்கி வைத்து விட்டார். அவர்களோடு யாரும் சாப்பிடக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது, புகை பிடிக்கக் கூடாது என்று கட்டுப்பாடு. நால்வரும் கண்ணீரோடு கேரியிடம் வந்தார்கள். கேரி ஊர்த் தலைவரை வரவழைத்தார். காவலுக்கு ஆள் நிறுத்தி, அந்த நால்வரோடும் உண்டு, புகைத்த பிறகுதான் போக விட்டார். அதிகாரத்தைக் காட்டிச் செய்த காரியம்தான். மகனைப் புதைத்த கை ஈரம் காயாத தகப்பன் செய்தது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

செருப்புத் தைத்தவர்

வில்லியம் கேரி 1761-ம் ஆண்டு ஆகஸ்டு 17-ந் தேதி, இங்கிலாந்தில் நார்த்தாம்ப்டன் பகுதியைச் சேர்ந்த பாலர்ஸ்பரி கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் நெசவாளி. பிறகு ஊர்ப் பள்ளி வாத்தியார் ஆனார். மகனுக்கு மேல் படிப்பு இல்லை. 14 வயது வாக்கில் செருப்புத் தைக்கும் தொழிலுக்கு விடப்பட்டார். தோல் தைத்துக் கொண்டே லத்தீன், கிரேக்கம், எபிரெயம் என்று மொழிகளைப் பொறுக்கிச் சேர்த்தார். பட்டறைச் சுவரில் உலகப் படம் ஒன்றை ஒட்டி வைத்து, எந்த நாட்டில் எத்தனை மக்கள், என்ன மதம் என்று குறித்து வைப்பார்.

1781-ல் டாரத்தி என்ற பெண்ணை மணந்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. திருமணப் பதிவேட்டில் கையெழுத்துக்குப் பதில் ஒரு சிலுவைக் குறி போட்டவர். முதல் பெண் குழந்தை 2 வயது நிரம்பும் முன்பே காய்ச்சலில் இறந்தது. அதே காய்ச்சல் கேரியையும் படுக்க வைத்து, தலைமுடியைக் கொண்டுபோய் விட்டது.

1792 அக்டோபர் 2-ந் தேதி, கெட்டரிங் என்ற ஊரில் பாப்டிஸ்டு சபையைச் சேர்ந்த சிலர் கூடி ஒரு மிஷன் சங்கம் தொடங்கினார்கள். கூடிய பணம் 13 பவுன் சொச்சம். அந்தப் பணத்தையும் நம்பிக்கையையும் வைத்துக் கொண்டு கேரி இந்தியாவுக்குப் புறப்பட்டார்.

டாரத்தி வர மாட்டேன் என்றார். கைக்குழந்தையோடு, முகம் தெரியாத நாட்டுக்கு எந்தத் தாய் உடனே சம்மதிப்பாள்? கடைசி நேரத்தில் தங்கையும் கூட வருவாள் என்றதும், அரை மனதோடு கப்பல் ஏறினார். கேரியின் வாழ்க்கையை எழுதியவர்கள் பலர் இந்த இடத்தில் டாரத்தியைக் குறை சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கப்பலில் மிகப் பெரிய விலை கொடுத்தவர் அவர்தான்.

1793 ஜூனில் புறப்பட்ட டென்மார்க் கப்பல், நவம்பர் 11-ந் தேதி கல்கத்தா (இன்றைய கொல்கத்தா) வந்து சேர்ந்தது. அதன் பிறகு கேரி இங்கிலாந்து மண்ணை மிதிக்கவே இல்லை. 40 ஆண்டுகளுக்கு மேல் ஒரு முறைகூட ஊர் போகாதவர்.

பீட்டர் இறந்த பிறகு டாரத்தியின் மனம் பேதலித்து விட்டது. 1807 டிசம்பரில் இறக்கும் வரை தெளியவில்லை. 12 ஆண்டுகள்! கேரி ஓர் அறையில் பண்டிதரோடு வேதாகமத்தை மொழிபெயர்த்துக் கொண்டிருப்பார். பக்கத்து அறையில் டாரத்தி கூச்சலிட்டுக் கொண்டிருப்பார். மனைவியை மனநோய் விடுதிக்கு அனுப்பும்படி சிலர் சொன்னதை கேரி ஏற்கவில்லை. நம்பிக்கை உள்ளவர் வீட்டில் துக்கம் தங்காது என்று யாராவது சொன்னால், இந்த 12 ஆண்டுகளை அவருக்குக் காட்டலாம்.

செராம்பூரில் முதல் ஆண்டுகள்

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மிஷனரிகளைக் கண்டால் பிடிக்காது. கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி நதிக் கரையில் இருந்த செராம்பூர், டென்மார்க் அரசின் வசம் இருந்தது. அங்கே கம்பெனியின் கை எட்டாது. 1800 ஜனவரி 10-ந் தேதி கேரி குடும்பத்தோடு அங்கே குடியேறினார். இங்கிலாந்தில் இருந்து வந்த ஜோஷுவா மார்ஷ்மன் பள்ளி வாத்தியார். வில்லியம் வார்டு அச்சுத் தொழில் தெரிந்தவர். செருப்புத் தைத்தவர், வாத்தியார், அச்சுக்காரர் ஆகிய மூவரும்தான் பிற்காலத்தில் செராம்பூர் மூவர் என்று பெயர் பெற்றார்கள்.

ஹவுராவில் இருந்து பர்த்வான் போகும் மெயின் லைனில் இன்று செராம்பூர் ஒரு ஸ்டேஷன். ஹவுரா - ஹூக்ளி ரெயில் ஓடத் தொடங்கியது 1854 ஆகஸ்டு 15-ல். கேரி இறந்து 20 ஆண்டு கழித்து. அவர் காலத்தில் கல்கத்தா போக வர படகுதான்.

வந்தவர்களில் பலர் நிலைக்கவில்லை. கிராண்ட் என்பவர் கரை இறங்கி 3 வாரத்துக்குள் இறந்தார். பவுண்டன், பிரன்ஸ்டன், கேரியோடு முதலில் வந்த டாக்டர் தாமஸ் என்று 1801 முடிவதற்குள் 4 பேர் மண்ணுக்குள் போய் விட்டார்கள். 7 ஆண்டு உழைத்தும் வங்காளிகளில் ஒருவர்கூட கிறிஸ்தவராகவில்லை.

கிருஷ்ண பால் என்ற தச்சர் படித்துறையில் வழுக்கி விழுந்து தோள் எலும்பு பிசகியது. டாக்டர் தாமஸ் அதைச் சரி செய்தார். அந்தப் பழக்கத்தில் கிருஷ்ண பால் மிஷன் வீட்டுக்கு வரத் தொடங்கி, 1800 டிசம்பர் 28-ந் தேதி ஹூக்ளி நதியில் ஞானஸ்நானம் பெற்றார். கேரியின் மூத்த மகன் பெலிக்சும் அன்றே ஞானஸ்நானம் பெற்றார். கேரிக்கு வாழ்வில் மகிழ்ச்சியான நாள். ஆனால் அன்றும் டாரத்தி ஓர் அறையில் கத்திக் கொண்டிருந்தார். 17 ஆண்டு எதிர்பார்ப்பு பலித்த சந்தோஷம் தாங்காமல் டாக்டர் தாமசுக்கும் புத்தி கலங்கி, அவரையும் ஓர் அறையில் வைத்திருந்தார்கள்.

கோகுலின் சவ ஊர்வலம்

கிருஷ்ண பாலின் நண்பர் கோகுல். அவரும் கிறிஸ்தவரானார். 1803 அக்டோபரில் கோகுல் இறந்தார். வங்காளக் கிறிஸ்தவர்களில் முதல் சாவு அதுதான்.

முத்னாபட்டியின் கேள்வி 9 ஆண்டுகளுக்குப் பின் மறுபடியும் வந்து நின்றது. இவரைச் சுமப்பது யார்?

அந்த நாளில் செராம்பூரில் கிறிஸ்தவர்களின் பிணத்தைக் கூலிக்குச் சுமக்க, போர்த்துகீசிய வம்சத்தில் வந்த ஏழைகள் சிலர் இருந்தார்கள். குடித்து விட்டுத்தான் தூக்குவார்கள். பணம் கொடுத்து அவர்களைக் கூப்பிட்டிருந்தால் பிரச்சினை இல்லை. மார்ஷ்மன் அதற்குச் சம்மதிக்கவில்லை. நம்மில் ஒருவர் இறந்தால் நாம்தான் சுமக்க வேண்டும் என்பது அவர் முடிவு.

சவப்பெட்டியைத் தச்சரான கிருஷ்ண பாலே செய்தார். உள்ளும் புறமும் வெள்ளை மஸ்லின் துணி தைத்தார். செலவு அவருடையது. பெட்டியைத் தூக்கியவர்கள் 4 பேர். ஒருவர் மார்ஷ்மன். அடுத்தவர் பெலிக்ஸ் கேரி. மூன்றாமவர் பிராமணராக இருந்து கிறிஸ்தவரானவர். நான்காமவர் முஸ்லிமாக இருந்து கிறிஸ்தவரானவர். வங்காளிப் பாட்டுப் பாடிக் கொண்டு தெரு வழியே போனார்கள்.

ஊரே கூடி நின்று பார்த்தது. இரண்டு வெள்ளைக்காரர்கள் ஓர் ஏழை வங்காளியின் பிணத்தைத் தோளில் சுமக்கிறார்கள். அவர்களோடு ஒரு பிராமணரும் தோள் கொடுக்கிறார். இப்படி ஒரு காட்சியை அந்தத் தெரு பார்த்தது இல்லை. மிஷன் வீட்டில் 3 ஆண்டு நடந்த பிரசங்கங்கள் எல்லாம் செய்யாததை அந்த ஒரு ஊர்வலம் செய்தது என்றே நினைக்கத் தோன்றுகிறது.

கிறிஸ்தவ மதத்தில் சாவைப் பற்றிய போதனை எல்லோருக்கும் ஓரளவு தெரிந்ததுதான். இயேசு மரித்து மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார். அவரை நம்பி இறப்பவர்களும் கடைசி நாளில் எழுப்பப்படுவார்கள். அதனால் பிணம் தீட்டு அல்ல. விதையைப் போல மண்ணில் வைக்கப்படுவது. இதை வாயால் சொல்வது எளிது. பிணத்தைத் தொட்டால் சாதி போகும் என்று நடுங்கிய ஊரில், தோளில் வைத்துக் காட்டியதுதான் பெரிது.

சாவோடு ஒரு வழக்கு

மறுமை நம்பிக்கை உள்ளவர்கள் இந்த உலகத்துச் சாவுகளைக் கண்டுகொள்ள மாட்டார்கள் என்று சிலர் நினைப்பது உண்டு. கேரி விஷயத்தில் அது பொருந்தாது. நேர்த்திக்கடனாகக் குழந்தைகளை கங்கா சாகரில் எறியும் வழக்கம் அப்போது இருந்தது. அது பற்றி விசாரித்து அறிக்கை கொடுக்கும் வேலை கேரிக்கு வந்தது. 1802-ல் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி அதைத் தடை செய்தார்.

உடன்கட்டை ஏறுதலை கேரி 1799-ல் நேரில் பார்த்தார். தடுக்க வாதாடியும் பலிக்கவில்லை. பிறகு கல்கத்தாவைச் சுற்றி 30 மைல் தூரத்துக்கு ஆள் அனுப்பிக் கணக்கு எடுக்க வைத்தார்கள். ஓர் ஆண்டில் 400-க்கும் மேற்பட்ட பெண்கள் என்று கணக்கு வந்தது. ராஜாராம் மோகன் ராய் போன்றவர்களும் போராடினார்கள். 1829 டிசம்பர் 4-ந் தேதி பெண்டிங்க் பிரபு தடைச் சட்டம் கொண்டு வந்தார்.

அதை வங்காளியில் பெயர்க்கும்படி கேரிக்கு அனுப்பினார்கள். அது வந்து சேர்ந்தது டிசம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை. அன்று பிரசங்கம் செய்ய வேண்டிய முறை அவருடையது. ஞாயிறு அன்று வேறு வேலையைத் தொடாதவர் அவர். ஆனால் அன்று பிரசங்கத்தை வேறு ஒருவரிடம் விட்டு விட்டு, பண்டிதரோடு உட்கார்ந்து, மாலைக்குள் மொழிபெயர்ப்பை முடித்தார். ஒரு நாள் தாமதித்தாலும் எத்தனை பெண்கள் போவார்களோ என்ற பதைப்பு. அப்போது அவருக்கு 68 வயது.

வேலை விவரங்களைச் சுருக்கமாகவே சொல்லி விடலாம். 1801-ல் வங்காளிப் புதிய ஏற்பாடு வெளிவந்தது. அதே ஆண்டில் கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. முதலில் மாதம் 500 ரூபாய், பிறகு 1,000 ரூபாய். அந்தக் காலத்தில் அது பெரும் பணம். குடும்பத்துக்குக் கொஞ்சம் வைத்துக் கொண்டு மீதியை மிஷனுக்கே கொடுத்து விட்டார். சம்பளக் கவரை வாங்கிய அன்றே ஊருக்கு மணியார்டர் எழுதிய தலைமுறைக்கு இது புரியும். 1818-ல் செராம்பூர் கல்லூரியும், சமாச்சார் தர்ப்பண் என்ற வங்காளிப் பத்திரிகையும் தொடங்கின. முழு வேதாகமம் வங்காளி, ஒரியா, இந்தி, மராத்தி, அசாமி, சமஸ்கிருதம் ஆகிய 6 மொழிகளில் வந்தது.

1812 மார்ச் 11-ந் தேதி இரவு அச்சகத்தில் தீ பிடித்தது. கேரி கல்கத்தாவில் இருந்தார். பல ஆண்டு எழுதிய அகராதி, இலக்கணக் கையெழுத்துப் பிரதிகள், பல மொழி அச்சு எழுத்துகள் எல்லாம் சாம்பல். அதில் தமிழ் எழுத்துகளும் உண்டு. தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அங்கே அச்சிட்டுக் கொண்டிருந்தார்கள். எழுத்து வார்க்கும் அச்சுகள் தப்பியதால், உருகிய ஈயத்தை எடுத்தே மறுபடியும் வார்க்கத் தொடங்கினார்கள். கேரி மொழிபெயர்ப்பை முதல் பக்கத்தில் இருந்து ஆரம்பித்தார்.

அடுத்தடுத்து

1808-ல் கேரி, சார்லட் என்ற டென்மார்க் நாட்டுப் பிரஜையை மறுமணம் செய்தார். நடக்க முடியாத பெண்மணி. நல்ல படிப்பு உள்ளவர். 13 ஆண்டுகள் கேரியின் வீட்டில் அமைதி இருந்தது. 1821 மே மாதம் சார்லட் இறந்தார்.

1822-ல் கிருஷ்ண பால் காலராவில் போனார். அவர் எழுதிய வங்காளிப் பாட்டு ஒன்றை மார்ஷ்மன் ஆங்கிலமாக்க, அது இங்கிலாந்து ஆலயங்களிலும் பாடப்பட்டது.

அதே ஆண்டு நவம்பரில் பெலிக்ஸ். கோகுலின் பெட்டியைத் தூக்கிய அதே பெலிக்ஸ்தான். பர்மாவுக்கு ஊழியம் செய்யப் போனவர். 1814-ல் ஐராவதி நதியில் படகு கவிழ்ந்து மனைவியும் குழந்தைகளும் கண் எதிரில் மூழ்கினார்கள். பிறகு பர்மா மன்னரின் தூதர் வேலை, அதையும் விட்டு 3 ஆண்டு நாடோடியாக அலைச்சல். வார்டுதான் கண்டுபிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தார். தகப்பன் பக்கத்தில் இருந்து மொழிபெயர்ப்பு வேலைகள் செய்தவர், 40 வயதைக் காணாமல் இறந்து விட்டார்.

1823 மார்ச்சில் வார்டும் காலராவில் போனார். மாலையில் நன்றாக இருந்தவர், மறுநாள் இல்லை.

அந்த ஆண்டு அக்டோபரில் கேரி படகில் இருந்து இறங்கும்போது விழுந்து இடுப்பில் பலத்த அடி பட்டது. காய்ச்சலும் சேர்ந்தது. பிழைக்க மாட்டார் என்று எல்லோரும் நினைத்தார்கள். இறந்தால் அடக்க ஆராதனைப் பிரசங்கத்துக்கு எந்த வசனத்தை எடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். கேரி காட்டியது 51-ம் சங்கீதத்தின் முதல் வசனம். உயிர்த்தெழுதலைப் பற்றிய வசனம் அல்ல. வெற்றியைப் பற்றியதும் அல்ல. தவறு செய்தவன் கடவுளிடம் இரக்கம் கேட்கும் வசனம்.

6 மொழிகளில் வேதம் தந்தவர், நான் செய்ததற்குக் கூலி கொடு என்று போய் நிற்க நினைக்கவில்லை. இரக்கம் கிடைக்கும், அதனால் பயம் இல்லை. அவருடைய நம்பிக்கையின் முழுக் கணக்கும் இவ்வளவுதான். டாரத்தியும் பீட்டரும் அந்த நேரத்தில் நினைவுக்கு வந்திருப்பார்கள் என்று நாம் ஊகிக்கலாம்.

கடைசி நாட்கள்

அந்த முறை பிழைத்துக் கொண்டார். மேலும் 10 ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். மூன்றாவது மனைவி கிரேஸ் அவரைக் கவனித்துக் கொண்டார். கேரிக்குச் செடிகள் என்றால் உயிர். 1820-ல் விவசாய, தோட்டக்கலைச் சங்கம் தொடங்கியவர் அவர். நடக்க முடியாத நிலையிலும் நாற்காலியில் வைத்துத் தள்ளிச் சென்று தோட்டத்தைக் காட்ட வேண்டும். ஒருநாள் மார்ஷ்மனிடம், நான் போன பிறகு நீ மாடுகளைத் தோட்டத்துக்குள் விட்டு விடுவாயே என்று கவலைப்பட்டார். சாவுக்குப் பயப்படாத மனிதருக்குச் செடியை மாடு மேயும் என்ற கவலை! மார்ஷ்மன் அப்படி விட மாட்டேன் என்று உறுதி சொல்ல வேண்டி இருந்தது.

அலெக்சாண்டர் டப் என்ற இளம் பாதிரியார் பார்க்க வந்து, கேரி செய்த வேலைகளைப் பற்றியே பேசிக் கொண்டிருந்தார். அவர் விடைபெறும்போது கேரி திரும்ப அழைத்து, நான் போன பிறகு கேரியைப் பற்றிப் பேச வேண்டாம், கேரியின் இரட்சகரைப் பற்றிப் பேசுங்கள் என்ற பொருளில் சொல்லி அனுப்பினார்.

1834 ஜூன் 9-ந் தேதி அதிகாலையில் கேரி காலமானார். வயது 72.

மறுநாள் அடக்கம். டென்மார்க் கொடி அரைக் கம்பத்தில் இறக்கப்பட்டது. டென்மார்க் கவர்னர் வந்தார். மழை மேகம் மூடிய காலை. தெருவின் இரு பக்கமும் இந்து, முஸ்லிம் ஏழைகள் நின்றார்கள். மகனைப் புதைக்க ஒரு கிராமத்தில் ஆள் கிடைக்காத தகப்பனுக்கு, வேறு ஓர் ஊர் திரண்டு வந்தது.

உயிலில் அவர் எழுதி வைத்தது நிறைவேற்றப்பட்டது. சார்லட்டின் பக்கத்தில் புதைக்க வேண்டும். கல்லில் பெயர், பிறந்த நாள், இறந்த நாள் மட்டும். அதன் கீழே ஐசக் வாட்ஸ் எழுதிய பாட்டில் இருந்து அவரே தேர்ந்தெடுத்த இரண்டு வரிகள். தன்னை ஒன்றும் இல்லாதவன் என்று ஒப்புக்கொண்டு, கடவுளின் கையில் விழுவதாகச் சொல்லும் வரிகள் அவை. டாக்டர், பேராசிரியர் என்ற பட்டம் எதுவும் வேண்டாம் என்று விட்டு விட்டார்.

மூவரில் கடைசியாக மிஞ்சியவர் மார்ஷ்மன். 1837 டிசம்பரில் அவரும் இறந்தார். செராம்பூரில் அதே கல்லறைத் தோட்டத்தில் அவரையும் வைத்தார்கள்.